வெளியூர்க்காரர்

கார்த்திகை தீபத்துக்காகப் பேருந்துகளில் வந்து இறங்கியவர்கள் காலரா ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். நெற்றி நிறைய விபூதியோடு அவனும் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். பின்னால் மனைவி.

"எந்த ஊருய்யா?" என்றார் ஊசி போடுபவர்.

"போளூருங்க. தீபம் பாக்க வந்தோம்."

"டிக்கெட்டக் காட்டு. மருந்து கம்மி. வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான் போடணும்னு உத்தரவு."

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்போ இந்த ஊர்க்காரங்களுக்கு?"

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தீபம் முடியட்டும், பாக்கலாம். அவங்க எங்க ஓடிடப் போறாங்க?" என்று சிரித்தவர், குழந்தையின் கையைப் பிடித்தார். "பாப்பா பேரு இன்னா?"

குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வள்ளி" என்றது.

"நல்ல பேரு. அழக் கூடாது."

மூவருக்கும் ஊசி போட்டாயிற்று.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மசூதித் தெருவுக்குள் நுழைந்ததும், அன்வர் பாஷா துண்டால் விபூதியைத் துடைத்துக்கொண்டான். விடிகாலையில் பஸ் ஏறிப் போளூர் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்த அலுப்பு அவனுக்கு.

"இனிமே நீ பழையபடி ரசியாதான்" என்று மகளை இறக்கிவிட்டான்.

நேற்று துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்த பெஞ்சு இன்னும் அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தது. மெஹ்ருன்னிசா அதைத் தாண்டி உள்ளே போகாமல் நின்றுவிட்டாள்.

"இந்த யோசனை போன வாரமே வந்திருந்தா, பெரியவனையும் பஸ் ஏத்தியிருக்கலாமேங்க."