சிவப்புக் கோடு இல்லாத மீட்டர்

கஞ்சாச் செடியிலிருந்து மருந்து எண்ணெய் எடுக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் புது பம்ப் வந்தது. பழையதைவிட அதற்கு இரண்டு மடங்கு வேகம். முதல் நாளே பிரஷர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"கொஞ்சம் மெதுவாப் போங்க. வடிகட்டி தாங்காது" என்றது மீட்டர்.

"நான் வந்த பிறகுதான் இங்கே எண்ணெய் ஒழுங்கா வருது. உங்க கோடுதான் பழசு" என்றது பம்ப்.

மேலாளர் வந்தார். எண்ணெயைப் பார்த்துத் தலையாட்டினார். முள்ளைப் பார்த்து முகம் சுளித்தார். அன்று மாலையே மீட்டரைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கோடே இல்லாத வேறொன்றை மாட்டினார்கள்.

"எனக்கு நெஞ்சை அடைக்குது. உங்களுக்கு ஏதாவது தெரியுதா?" என்று வடிகட்டி புது மீட்டரிடம் கேட்டது.

"எண் தெரியுது. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு யாரும் சொல்லலை."

மூன்றாம் நாள் வடிகட்டி கிழிந்தது. எண்ணெய் முழுக்க இலைத்தூள் கலந்துவிட்டது. மேலாளர் உட்கார்ந்து விரிவான அறிக்கை எழுதினார்: 'வடிகட்டி ஒத்துழைக்கவில்லை.'

மறுநாள் புது வடிகட்டி வந்தது. இங்கே வேலை எப்படி இருக்கும் என்று அது தயங்கித் தயங்கிக் கேட்டது.

"பயப்படாதீங்க. இங்கே முன்னாடி இருந்தவருக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றது பம்ப்.