சிப் நிபுணர்

எலக்ட்ரானிக்ஸ் மோசடித் தடுப்புப் பிரிவின் அதிகாரி உள்ளே நுழைந்தபோது, கடைக்காரர் ஒரு சிப்பின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒளித்து வைக்க நேரமில்லை.

மேஜையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் இருந்த சிப்புகளில் பழைய வாஷிங் மெஷின் சிப்பின் நம்பர். இன்னொன்றில், உலகமே வரிசையில் நிற்கிற புதிய இரண்டு நானோமீட்டர் சிப்பின் நம்பர். எல்லாமே நகத்தளவு கறுப்புச் சதுரங்கள். நடுவில் உப்புத்தாளும், எழுத்துப் பொறிக்கும் லேசர் மெஷினும். மெஷினுக்கு முன்னால் கடைக்காரரின் மச்சினன் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சும்மாவா, சிப் தொழில்நுட்பத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். அதில் ஒரு நாள் வரவேற்புரையிலேயே போய்விட்டது.

"வாஷிங் மெஷின் சிப்பைச் சுரண்டிட்டு, புது சிப் நம்பரைப் போடுறீங்க. அப்படித்தானே?"

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு லாரி வரும். அதற்கு முன்னால் ஜீப் வந்தால், உள்ளே போவது அவர் மட்டுமல்ல, மச்சினனும்தான். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"மாமா, உண்மையைச் சொல்லிடலாம் மாமா..."

"நீ சும்மா இருடா."

அதிகாரி ஒரு சிப்பை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். விஞ்ஞானிகள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பதை வெறும் கண்ணாலேயே பார்த்து முடித்தார்.

"ஒரிஜினல்னா பளபளப்பே வேற. இது சுத்த டூப்பு. எங்க போகுது?"

"வெளிநாட்டுக்குங்க சார்."

"நாட்டு மானத்தைக் கப்பலேத்தப் பார்த்தீங்களே."

கடைக்காரருக்கு அழுகை நிஜமாகவே வந்தது. "இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார். பிள்ளைகுட்டிக்காரன்."

அதிகாரியின் மனம் இளகியது. வழக்குப் போட்டால் பதினெட்டு படிவம் எழுத வேண்டும் என்பதும் ஒரு காரணம். தண்டனையை அங்கேயே விதித்தார். புது நம்பர் உள்ள சிப் ஒவ்வொன்றையும் அவர் கண்ணெதிரே தேய்த்து, வாஷிங் மெஷின் நம்பரைப் பொறிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் கால்மேல் கால் போட்டு மேற்பார்வை பார்த்தார். ஒரு எழுத்து கோணலாக விழுந்ததைக்கூட அவர் விடவில்லை. பிறகு பெட்டியை மூடி, 'பழைய வாஷிங் மெஷின் சிப், சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அரசு முத்திரையும் குத்தினார்.

"இப்படியே அனுப்புங்க. உள்ளதைச் சொல்லி வித்தா எவனுக்கும் பயப்பட வேண்டியதில்ல."

"இனிமே அப்படித்தான் சார்."

லாரி சரியான நேரத்துக்கு வந்தது.

தொழிற்சாலையிலிருந்து திருடப்பட்டு, வாஷிங் மெஷின் நம்பர் போட்டு மறைக்கும் வேலை பாதியில் நின்றிருந்த, ஏற்றுமதிக்குத் தடையுள்ள அசல் இரண்டு நானோமீட்டர் சிப்புகள் அத்தனையும் அரசு முத்திரையோடு எல்லையைத் தாண்டிப் போயின.