படிச்சிட்டுத் தட்டு

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசுக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் பரிமளா சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் சாமிதுரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க எழுத்தாய் வந்து நின்றது.

“என்னம்மா அது?”

“ஒப்பந்தங்க ஐயா. சம்மதம்னு தட்டுனாதான் மேல போகும்.”

“படிச்சுச் சொல்லு.”

“இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கய்யா. நானே நூறு கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கேன்.”

“நூறு தடவை என்னன்னு தெரியாம சம்மதம் குடுத்திருக்கே. நல்ல படிப்புதான்!”

“ஐயா, நாலு மணி பெரம்பலூர் பஸ்ஸை விட்டா நான் வூடு போய்ச் சேர முடியாது.”

“அப்ப வெரசாப் படி. தட்டுனப்புறம் மாத்த முடியுமா?”

பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். “நட்டம் வந்தா நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்குங்க.”

“பாத்தியா! இன்னும் கீழ போ.”

அதற்குள் மேனேஜர் அன்பழகன் உள்ளே வந்துவிட்டார். “சாமிதுரை! கேட்டுல லாரி நிக்குது. வாட்ச்மேனுக்கு இங்க என்ன வேலை?”

பரிமளா திகைத்துப் போனாள். “நீங்க ஓனர் இல்லீங்களா?”

“இருந்தேம்மா.” சாமிதுரை கேட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீ உக்காந்திருக்கிற எடம் என் கடலைக் கொல்லை. அன்னைக்கும் ஒரு கத்தைத் தாளை நீட்டி, இதையெல்லாம் யாரும் படிக்கிறதில்லை, ரேகையை வைங்கன்னுதான் சொன்னாங்க.”