முன்வாசல் சம்மன்

நவநீதகிருஷ்ணன் கோர்ட்டுக்குப் புறப்படும்போதே ஜெயித்துவிட்ட முகத்தோடுதான் புறப்பட்டார்.

பின்னே, இருக்காதா? தீர்ப்பு ஏற்கெனவே அவர் பக்கம். நேமத்தான்பட்டியில் அவருடைய பெரிய வீட்டின் பின்கட்டில் தச்சுவேலை செய்யும் மருது, குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறான். வீட்டை ஓட்டலாக மாற்ற வேண்டும், அவன் காலி செய்ய வேண்டும் என்று வழக்கு. சம்மன் போயும் ஆள் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது.

காலி செய்ய வைக்கக் கோர்ட்டு அமீனா வந்து நின்ற பிறகுதான் மருது அலறிக்கொண்டு ஓடினான். 'சம்மனே எனக்கு வரலை, தீர்ப்பை ரத்து செய்யுங்க' என்று மனு. இன்று அதன் விசாரணை.

கோர்ட்டு வராந்தாவில் மருதுவின் மனைவி அக்கம்மாள் எதிரே வந்தாள்.

"புள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்ய்யா. இப்பப் போயி காலி பண்ணச் சொன்னா எங்குட்டுப் போவோம்?"

"கதவுல ஒட்டுன சம்மனைக் கிழிச்சுப் போடுறப்ப யோசிச்சிருக்கணும்" என்றார் அவர், நின்றுகூடப் பார்க்காமல்.

கூண்டில் ஏறினார். மருதுவின் வக்கீல் கிருஷ்ணப்ரியா, சின்ன வயசுக்காரி, எழுந்தாள்.

"சம்மனை எங்க ஒட்டினாங்க?"

"என் வீட்டு முன்கதவுல. அமீனாவுக்கு அந்தக் கதவைக் காட்டுனதே நான்தான்."

"மருது இருக்கிறது பின்கட்டு. அதுக்குப் பின்தெருவுல தனி வாசல் இருக்கே?"

"இருந்தா என்ன? முன்தெருவுல ஆரம்பிச்சுப் பின்தெருவுல முடியிற வீடு. எங்க பக்கம் பெரிய வீடுகள்லாம் அப்படித்தான். வீடும் ஒண்ணு, கதவு நம்பரும் ஒண்ணு."

நீதிபதி குறித்துக்கொண்டார். நவநீதகிருஷ்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப மருது முன்வாசல் வழியாவும் வந்து போவாருன்னு சொல்றீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. முன்கட்டுக்கும் சேர்த்து உரிமை கொண்டாட இந்தப் பொண்ணு அடி போடுகிறதா? விடுவாரா மனுஷர்?

"அந்தப் பேச்சே வேணாம். அவன் மட்டுமில்ல, அவன் புள்ளைக பந்து வந்து விழுந்தாக்கூட அதை எடுக்க அங்குட்டு வரக்கூடாது. நடுக்கதவைப் பூட்டி வச்சிருக்கேன். முன்வாசல்ல போர்டே மாட்டியிருக்கேன்."

அவருடைய வக்கீல் ஸ்ரீதர் பலமாக இருமினார். யார் கவனித்தது?

"என்ன போர்டு?"

"'பின்கட்டில் குடியிருப்பவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது'ன்னு. பெரிய பெரிய எழுத்துல."

"சம்மனை ஒட்டினது?"

"அதுக்கு நேர் கீழதான். சந்தேகம்னா நீங்களே வந்து..."

பேச்சு பாதியில் நின்றது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "வரக்கூடாதுன்னு நீங்களே தடை போட்ட இடத்துல ஒட்டின சம்மனை, அவர் எப்படிப் பார்த்திருப்பார்?"

தீர்ப்பு ரத்து. வழக்கு மறுபடி முதலிலிருந்து. புது சம்மனை நவநீதகிருஷ்ணனே கொண்டுபோய், மருதுவின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றும் உத்தரவு.

மறுநாள் உச்சி வெயிலில் முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு நடந்தார். நடுக்கதவைத் திறந்திருந்தால் இத்தனை நடையில்லை. தான் போட்ட பூட்டைத் தானே திறக்க மானம் இடம் கொடுக்கவில்லை. வேர்வை சட்டையை நனைத்துவிட்டது.

வாசற்படிக்கு வெளியே நின்றபடியே சம்மனை நீட்டினார். மருது கையெழுத்துப் போட்டான்.

அக்கம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"ஏன்ய்யா வெயில்லயே நிக்கிறீக? உள்ள வாங்க. எங்க வாசல்ல போர்டு ஒண்ணும் மாட்டலையே."