மிடறு

தவமணி அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கணவர் ஞானசேகர் அவள் கழுத்தையே பார்ப்பார். தைராய்டில் வந்திருந்த கட்டி ஒவ்வொரு மிடறுக்கும் ஏறி இறங்கும். அதனால் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். எச்சில் பண்ணினால் கத்துகிற மனிதர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்று, மூன்றாவது முறையாகக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனையின் ரிசல்ட் வந்தது. “கேன்சர்னும் சொல்ல முடியலைம்மா, இல்லைன்னும் சொல்ல முடியலை. இன்னொரு தடவை குத்திப் பாத்திடலாம்,” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் தவமணி செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஞானசேகர் எதிரில் வந்து நின்றாள். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

“ஊசிக்குத் தெரியலையாம். நீங்களாவது நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அண்ணாந்து வாயில் ஊற்றினாள். செம்பு காலியாகும்வரை அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.