புள்ளி குறைந்த எழுத்து

சியோல் நாடக விழாவின் சுவரொட்டிக்காக யூன்சுல் புள்ளிகளாலேயே எழுத்துகளை வடிவமைத்திருந்தாள். சற்று நேரத்தில் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தலைப்பில் ஏதோ பிழை உறுத்தியது, எதுவென்று பிடிபடவில்லை. போன தடவை போலப் பிழையோடு அச்சானால் வேலை போய்விடும்.

பார்வையிழந்த அக்கா மிக்யோங் பக்கத்தில் உட்கார்ந்து கணினித் திரையைத் தடவினாள்.

“ஏண்டி, மூணாவது எழுத்துல கீழ ஒரு புள்ளியைக் காணோமே, எலி தின்னுடுச்சா?”

“விளையாடாதேக்கா, அது வெறும் கண்ணாடி.”

யூன்சுல் அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி இல்லைதான். சேர்த்து அனுப்பினாள். எல்லாம் சரியென்று அச்சகத்திலிருந்து பதில் வந்ததும் போன உயிர் திரும்பியது.

“தொக்போக்கி வாங்கிக் குடுடி, காரமா!”

“ரெண்டு தட்டே வாங்கித் தரேன்க்கா.”

யூன்சுல் கணினியை அணைத்தாள். இருண்ட திரையின்மேல் அக்காவின் விரல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. விரல் அடுத்த வரிக்குப் போனதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.