மூன்றாவது பிரதி

நாடகக் குழுவுக்கு இசை போடும் மருதையன், ஊர் ஓசைகளையெல்லாம் கேசட்டில் பிடித்து வைப்பார். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும்போது கேசியோ கீபோர்டு வாசித்துக் கலப்பார். மகன் கோவிந்தராசு கிளிஞ்சல்மேட்டிலிருந்து கடலுக்குப் போன அன்று, விசைப்படகின் இன்ஜின் சத்தத்தையும் பிடித்திருந்தார். படகுதான் இன்னும் திரும்பவில்லை.

அந்தக் கேசட்டை இன்று பிரதி எடுத்தபோது, அசலில் இல்லாத ஒரு குரல் “அம்மா” என்றது.

அவர் மனைவி செல்லம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “கேசியோவ நிறுத்துங்க! புள்ள கூப்புடுறான்.”

“ஏன்னு பதில் குடுத்துடாத, செல்லம்மா. பேய் ரெண்டு தரந்தான் கூப்புடும்.”

“மூணாந்தரம் கூப்புட்டா மனுசந்தானே? பிரதிக்குப் பிரதி எடுங்க.”

அதில் இரண்டு தரம் கேட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போதும்டி.”

“உசுரோட இருக்கானான்னு தெரிய வேணாமா? இன்னொண்ணு எடுங்க.”

எடுத்தார். இரைச்சல் கூடியிருந்தது. குரல் இரண்டு தரம் கூப்பிட்டு ஓய்ந்தது. நெடுநேரம் இன்ஜின் மட்டும் ஓடியது. பிறகு, “அம்மா.”

“ஏன்யா?” என்றாள் செல்லம்மா.

டேப் சுழன்றுகொண்டேயிருந்தது. டேப்புக்குள் இன்ஜின் நின்றது. படகின் அடிப்பலகை மணலில் உரசியது.